கிரகணத்தன்று சித்தியின் கைகள்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிவி என்பது அப்போதெல்லாம் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. அதற்குத் தனி ஸ்டாண்டு, தனி மூலை, தூசி படாமல் இருக்க ஒரு மூடுதுணி. கடையில் வாங்கிய துணியைப் போட்டால் மரியாதைக் குறைவு. குரோஷாவில் பின்னியதாக இருக்க வேண்டும், ஓரத்தில் குஞ்சம் தொங்க வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். யாரோ ஒரு அத்தையோ அக்காவோ ஆசையாகப் பின்னிக் கொடுத்திருப்பாள். அது இப்போது எங்கே என்று கேட்டால் முழிப்பீர்கள். எங்கள் வீட்டு மூடுதுணி எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம் வந்ததே, அந்த வருஷம். அந்தப் புரட்டாசியில்தான் சித்தி வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும். அவர்களைப் பெற்றவர்கள் இரண்டு பேருமே அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டதால், அவளுக்கு அக்கா வீடுதான் தாய்வீடு. பெரிய கோயிலின் மேற்கே இருக்கிற பே கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வாடகை வீடு. மொட்டை மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். அப்பாவுக்கு அரிசி மண்டியில் வேலை. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

சித்தி வரும்போது இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் நிறைய இருந்தது. ஒரு பையில் புடவைகள், இன்னொரு பையில் உல்லன் நூல் உருண்டைகள். சின்னக் கொக்கி வைத்த ஸ்டீல் குரோஷா ஊசியைக் கொண்டையில் செருகியிருந்தாள். பஸ்ஸில் கூட்டமாம், பையில் வைத்தால் காணாமல் போய்விடுமாம். கல்யாணத்துக்கு முன்னால் தையல் வகுப்பில் கற்றுக்கொண்டது. கையில் ஊசி இல்லாத நேரம் அவளுக்கு வேர்த்துவிடும் என்று அப்பா கேலி செய்வார்.

நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலில் ஏற்றிப் பிடித்துக்கொள்வாள். பிறகு ஊசி தானாகப் போய்த் தானாக வரும். அவள் கண் எங்கள் முகத்தில்தான் இருக்கும். வளையல் சத்தம் கலகலவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டால் மனசு நிறைந்துவிடும். எனக்கு அம்மாவைவிட அவளைத்தான் ஜாஸ்தி பிடிக்கும். இதை அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஏதாவது முளைத்தது. டிவிக்கு வெள்ளையில் மூடுதுணி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றப் போகிற அப்பாவுக்குக் காது மூட ஒரு பழுப்பு மஃப்ளர். அம்மாவுக்குத் தலையணை உறையின் ஓரத்தில் பூவேலை. எனக்கு நாடா இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும் சிவப்புப் பை. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த சித்தப்பாவுக்குக் கையில்லாத ஸ்வெட்டர். போளூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த மாமியாருக்குக்கூட வெற்றிலை போட்டுக்கொள்ள ஒரு சுருக்குப் பை. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் எதுவும் பின்னக் கூடாது. பிறக்கப்போகிற குழந்தைக்கு.

இது உங்களுக்கும் தெரியும். பிறந்து, பேர் வைத்து, பிழைக்கும் என்று தெரிந்த பிறகுதான் புதுத்துணி. அதுவரை பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்ற வேண்டும். முன்கூட்டியே செய்து வைத்தால் கண் பட்டுவிடும்.

சித்தி மஞ்சள் நூலில் ஒரு குல்லா ஆரம்பித்தாள். அம்மா பார்த்துவிட்டாள்.

"இது யாருக்குடி?"

"இவ பொம்மைக்கு அக்கா. மீதி நூலு, வீணாப் போவுதே."

என் பொம்மையின் தலை எலுமிச்சம்பழம் அளவுதான். குல்லாவில் என் முஷ்டியை விட்டால் சுற்றிலும் இடம் இருந்தது. அம்மா குல்லாவைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள், சித்தியின் வயிற்றைப் பார்த்தாள். "பொம்மைக்கு நல்ல தலைதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சித்தியும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அம்மாவும் அடுப்படியில் சிரித்திருப்பாள். அவள் கெட்டவள் இல்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு நீங்கள் மறந்துவிடுவீர்கள்.

தீபாவளி அன்று சாயந்திரமே அம்மா கிரகணத்துக்குத் தயாராகிவிட்டாள். சித்திக்கு அப்போது எட்டாம் மாசம். கிரகண நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி கத்தி தொட்டால், கத்தரி தொட்டால், ஊசி பிடித்தால் குழந்தை உதடு பிளந்து பிறக்கும். நகம்கூடக் கிள்ளக் கூடாது, உடம்பைச் சொறியக் கூடாது. அம்மா அரிவாள்மணை, கத்தி, கத்தரிக்கோல், தையல் ஊசி, என் காம்பஸ் எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் போட்டாள். கடைசியாகச் சித்தியின் கொண்டையிலிருந்து குரோஷா ஊசியை உருவி, பாதியில் இருந்த மஞ்சள் குல்லாவோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

மறுநாள் காலையில் தீபாவளிப் பலகாரங்களுக்கெல்லாம் தர்ப்பைப் புல் கிள்ளிப் போட்டு மூடியாயிற்று. சித்தியை நடு அறையில் பாயில் உட்காரவைத்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டிக் கதவைச் சாத்தினாள் அம்மா. சித்திக்கு வயிற்றுத் தோல் இழுத்து எந்நேரமும் அரிக்கும். தன்னை அறியாமல் சொறிந்துவிடுவாள் என்று அம்மாவுக்குப் பயம்.

"நீ உள்ள போ. இவ ரெண்டு கையையும் கெட்டியாப் புடிச்சுக்கோ. நான் வந்து கதவைத் தொறக்கற வரைக்கும் விடக் கூடாது."

நான் பிடித்துக்கொண்டேன். எதிர் எதிரே உட்கார்ந்து, முட்டியோடு முட்டி இடிக்க, இரண்டு கையிலும் அவளுடைய இரண்டு கைகள். கூடத்தில் அப்பா டிவியைச் சின்னச் சத்தத்தில் வைத்திருந்தார். கதவிடுக்கில் வந்த வெளிச்சம் மெல்ல மங்கி, சாயந்திரம் மாதிரி ஆனது. காக்காய்கள் கத்தின. சித்தி அரிப்பு தாங்காமல் நெளிந்தாள்.

"கொஞ்சூண்டு விடுடி. லேசாத் தடவிக்கறேன்."

"மாட்டேன். அம்மா அடிக்கும்."

"உன் கையி ஈரமா இருக்குது, விடு."

"மாட்டேன்."

எனக்கும் விரல் மரத்துப்போனது. விடவில்லை. கதவைத் திறந்து அம்மா வந்தபோது சித்தியின் வளையல்கள் என் மணிக்கட்டில் வரிவரியாகப் பதிந்திருந்தன. அம்மா அதைப் பார்த்து என் தலையைத் தடவிவிட்டு, இரண்டு பேரையும் தலைக்குக் குளிக்கச் சொன்னாள். பிறகுதான் பெட்டியைத் திறந்தாள்.

கார்த்திகை தீபத்துக்கு ஊரே பிதுங்கியது. எங்கள் மாடியிலேயே தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லாம் வந்து நின்றார்கள். மலை உச்சியில் சுடர் தெரிந்ததும் எல்லோரும் கை தூக்கிக் கும்பிட, சித்தி மட்டும் வயிற்றில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

மார்கழியில் குழந்தை பிறந்தது. பையன். நர்ஸ் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தபோது முகத்தின் மேல் ஒரு ஓரத்தை இழுத்துவிட்டிருந்தாள். அம்மா துணியை விலக்கினாள். மேலுதடு மூக்கு வரைக்கும் பிரிந்திருந்தது. வாயைத் திறந்து அழுதபோது உள்ளே அண்ணமும் திறந்து கிடந்தது. எனக்குப் பயமாக இல்லை. அழுகிற குழந்தைதான், அவ்வளவுதான். அம்மா துணியை மறுபடி இழுத்து மூடினாள்.

நர்ஸ் சித்தியிடம் நிதானமாகச் சொன்னாள். "இதுக்கு ஆபரேசன் இருக்குதும்மா. சில மாசம் போவட்டும், கொஞ்சம் எடை ஏறட்டும், பெரிய ஆஸ்பத்திரியில தெச்சுடுவாங்க. அதுவரைக்கும் இதால சப்பிக் குடிக்க முடியாது. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில குடு. மடியில நேரா உக்கார வெச்சு, சொட்டுச் சொட்டாக் குடு. படுக்க வெச்சுக் குடுத்துடாத, பாலு நுரையீரலுக்குப் போயிடும்." மடியில் எப்படி நிமிர்த்திப் பிடிப்பது, தாடையை எங்கே தாங்குவது என்று செய்து காட்டினாள். சித்தி நூல் பிடிக்கிற விரல்களால் அதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் சித்தப்பாவும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். மாமியார் குழந்தையைப் பார்த்தாள். அழவில்லை. அம்மாவிடம் கேட்டாள்.

"ஏம்மா பெரியவளே, கிரகணத்தன்னிக்கு இவ இன்னா பண்ணா? ஊசி, கத்தி எதனா தொட்டாளா?"

"இல்லீங்க. நான் பத்திரமா உக்கார வெச்சிருந்தேன்."

"அப்போ உங்க வம்சத்துலயே இருக்குதா இது?"

மாமியார் என் பக்கம் திரும்பினாள். என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, என் உதட்டைப் பார்த்தாள். மாட்டுக்குப் பல் பார்ப்பார்களே, அப்படி. பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்க வெளியே போனாள்.

அவர்கள் படியிறங்கியதும் அம்மா கட்டிலில் உட்கார்ந்து சித்தியின் காதருகே குனிந்தாள்.

"இதோ பாருடி. கிரகணத்துல தெரியாத்தனமா குரோஷா எடுத்துட்டேன்னு சொல்லிடு."

"நான் எங்க அக்கா எடுத்தேன்? நீதானே பெட்டியில வெச்சுப் பூட்டின?"

"பூட்டினேன், எனக்குத் தெரியாதா? தப்பு பண்ணிட்டேன்னு சொன்னா அதுக்குப் பரிகாரம் இருக்குது. செஞ்சுட்டு உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. ரத்தத்துலயே இருக்குதுன்னு ஆயிடுச்சுன்னா? உன்னை வாழ வெப்பாங்களா? நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?"

இவளை என்று அம்மா காட்டியது என்னை.

"சித்தி எடுக்கலம்மா. நான்தானே ரெண்டு கையையும் புடிச்சிட்டிருந்தேன்" என்று நான் கத்தினேன். அம்மா என் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். "வாயத் தொறந்த, கொன்னுடுவேன்" என்றாள்.

சித்தி என்னையே பார்த்தாள். நீங்கள் எத்தனையோ பரிசுகள் வாங்கியிருப்பீர்கள், கொடுத்திருப்பீர்கள். அந்தப் பார்வையில் எனக்கு என்ன கிடைத்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. மாமியார் திரும்பி வந்ததும் சித்தியே சொன்னாள்.

"தப்பு பண்ணிட்டேன் அத்தை. குல்லா முடியற மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரம்தான், எடுத்துட்டேன்."

"நான் சொல்லல?" என்றாள் மாமியார், மகனைப் பார்த்து. அவள் முகத்தில் கோபத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. சித்தப்பா மூச்சு விட்டார். அம்மாவும் விட்டாள். ஒரு பொய்யில் இரண்டு வம்சமும் சுத்தமாகிவிட்டது. "அதெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா, கிரகணத்துக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்" என்று மருந்து கொண்டுவந்த நர்ஸ் சொன்னாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் ஊர் ஜோசியர் பரிகாரம் சொல்லி அனுப்பினார். வெள்ளியில் உதடு செய்து கோயில் உண்டியலில் போட வேண்டும். அதோடு, ஊசி பிடித்த கை ஒரு மண்டலத்துக்குக் குழந்தையின் வாய்க்குப் பால் கொண்டுபோகக் கூடாது. பீய்ச்சிக் கொடுக்கலாம், புகட்டக் கூடாது. இந்த வியாக்கியானத்தை எந்தச் சாஸ்திரத்தில் கண்டுபிடித்தார் என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். மண்டலம் முடிந்தால் வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சித்தப்பா சொன்னார். அம்மா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குரோஷா ஊசியைக் கிணற்றில் போட்டாள்.

ஆக, அம்மா பால் புகட்டினாள். என்னை எப்படிப் புகட்டி வளர்த்தாளோ அப்படி. இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, பாலாடையை வாயில் சாய்த்து.

"அக்கா, உக்கார வெச்சுக் குடுக்கச் சொன்னாங்க."

"நானும் ஒண்ணைப் பெத்து வளத்தவதான்டி."

"மூக்குல வருதுக்கா."

"எல்லாக் கொழந்தைக்கும் வரும்."

சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்வாள். ஒருநாள் மத்தியானம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது அவளால் தாங்கவில்லை. குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, நர்ஸ் காட்டியபடி சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். மூக்கில் ஒரு துளி வரவில்லை. குடித்து முடித்து அது ஏப்பம் விட்டது. சித்தி மஞ்சள் குல்லாவை எடுத்து அதன் தலையில் வைத்துப் பார்த்தாள். ஓரம் மட்டும் முடியாமல் நூல் தொங்கியது. "உங்கம்மா வந்தா சொல்லிடாத" என்றாள். நான் சொல்லவில்லை. ஆனால் அம்மா தினமும் கோயிலுக்குப் போகிறவள் இல்லையே.

பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது குழந்தைக்கு இருமல் ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம். சுண்ணாம்பு வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் அம்மா. காய்ச்சல் ஏறியதும் அப்பா ஆட்டோ கொண்டுவந்தார். பால் நுரையீரலில் சேர்ந்து சீழ் பிடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். "யாரும்மா படுக்க வெச்சுப் புகட்டினது?" என்று அவர் கேட்டார். சித்தி சொன்னாள், "நான்தாங்க." அந்த வீட்டில் எல்லாப் பழிக்கும் அவள் பழகிவிட்டிருந்தாள்.

மாட்டுப் பொங்கலன்று குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். புதைக்க எடுத்துப் போவதற்குள் சுற்றுவதற்கு அம்மா பழைய வேட்டி தேடினாள். சித்தி எழுந்து கூடத்துக்குப் போனாள். டிவி மேலிருந்து வெள்ளை மூடுதுணியை எடுத்து உதறினாள். அதில் குழந்தையைச் சுற்றி, தலையில் மஞ்சள் குல்லாவை வைத்தாள். பேர் வைக்காத குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். குஞ்சங்கள் அவர் முழங்கைக்குக் கீழே ஆடிக்கொண்டே போயின.

மண்டலம் முடிந்தும் சித்தப்பா வரவில்லை. அடுத்த ஆவணியில் அவருக்கு வேறு கல்யாணம் நடந்தது என்று யாரோ வந்து சொன்னார்கள். சித்தி எங்களோடேயே இருந்துவிட்டாள். சமைத்தாள், துவைத்தாள், செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் துணி மடிக்கும் வேலைக்குப் போனாள். நூலைக் கையால் தொடவில்லை. சிவப்புப் பையை நான் எடுத்து வைத்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு அதுவும் எங்கோ தொலைந்துபோனது.

எனக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் விசாரித்துக்கொண்டுதான் வந்தார்கள். "உங்க தங்கச்சி கொழந்தைக்கு உதட்டுல ஏதோ…" என்று இழுத்தார்கள். "கிரகணத்துல குரோஷா எடுத்துட்டா, பாவம்" என்றாள் அம்மா, தயாராக வைத்திருந்த மாதிரி. அவர்கள் தலையாட்டினார்கள். சித்தி அப்போது அவர்களுக்குத் தட்டில் கேசரி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. ஆனாலும் கல்யாணம் நடந்தது.

நான் உண்டானபோது ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவிடம் முதலில் கேட்டது உதட்டைத்தான். "நல்லா இருக்கு" என்று திரையில் காட்டினார். நான் விடாமல் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, உதடு கூடுவதெல்லாம் இரண்டாம் மாசம், மூன்றாம் மாசத்திலேயே முடிந்துவிடும், பிறகு எதுவும் பிளக்காது என்றார். கிரகணம் வந்தது சித்திக்கு எட்டாம் மாசம்.

நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். வழியில் கடைத்தெருவில் மஞ்சள் உல்லன் நூலும் ஒரு குரோஷா ஊசியும் வாங்கிக்கொண்டேன். சித்தி கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். நூலைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போடி. பிள்ளைத்தாய்ச்சி நீ, என் கை பட்டது உனக்கு வேணாம்."

"சித்தி, எட்டாம் மாசத்துல எதுவும் ஆவாது. அதுவுமில்லாம நீ அன்னிக்கு ஊசியே தொடலியே."

"தொட்டேன்டி. உனக்கு ஞாபகமில்ல, நீ சின்னப் பொண்ணு. வெளிச்சம் கம்மி ஆயிட்டே வந்துச்சு. ஓரத்துல ஒரு கண்ணி விட்டுப்போச்சு. திரும்ப எடுக்கலாம்னு கொக்கிய விட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அந்த இருட்டறையில் அவள் கையில் ஊசி வந்துவிட்டிருந்தது. எனக்கு அழுகை பொங்கியது. நான் கீழே உட்கார்ந்து, முட்டியோடு முட்டி இடிக்க, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

"இப்பிடித்தான் சித்தி புடிச்சிட்டிருந்தேன். கதவு தொறக்கற வரைக்கும் விடவே இல்ல."

அடுப்படி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. வந்து எங்கள் பக்கத்தில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, சித்தியைப் பார்த்துச் சொன்னாள்.

"அவ சொல்றது நெசம்தான்டி. நான்தான் பெட்டியில வெச்சுப் பூட்டினேன். சாவி என் இடுப்புல இருந்துச்சு. உன்னைச் சொல்லச் சொன்னதும் நான்தான். கொழந்தையைப் படுக்க வெச்சு…" அம்மா அழ ஆரம்பித்தாள். அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சித்தி என் பிடியிலிருந்து ஒரு கையை மெல்ல விடுவித்துக்கொண்டு அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதக்கா. பண்ணினது நானு. எனக்காக நீ ஏன் பொய் சொல்ற?" என்றாள். பிறகு நூலையும் ஊசியையும் எடுத்து, தன் கை படாமல் முந்தானையால் பிடித்து, என் பையில் போட்டாள்.